இறங்கும் இருக்கைத் தண்டு

இறங்கும் இருக்கைத் தண்டு என்பது, மிதிவண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இருக்கையின் உயரத்தைக் குறைக்கவும் மீண்டும் கூட்டவும் உதவும் பொறியமைப்பு ஆகும். இது பெரும்பாலும் மலை மிதிவண்டிகளில் பொருத்தப்படுகின்றது. கைப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தியவாறு ஓட்டுநர் இருக்கையின் மீது தம் எடையைச் செலுத்தினால் இருக்கை கீழே இறங்கும். எடையை எடுத்துவிட்டு நெம்புகோலை மட்டும் அழுத்தினால் இருக்கை தானாக மேலெழும். நெம்புகோலை விட்டவுடன், இருக்கை எந்த உயரத்தில் உள்ளதோ அந்த உயரத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

பெயர்

மிதிவண்டியின் இருக்கையைத் தாங்கி, சட்டகத்தின் இருக்கைக் குழாய்க்குள் செருகப்படும் குழாயே இருக்கைத் தண்டு எனப்படுகின்றது. தமிழ்நாட்டின் சைக்கிள் கடைகளில் இதனைச் 'சீட் பில்லர்' என்பர். உயரம் மாறும் வகை, மலை மிதிவண்டி ஓட்டுவோரிடையே 'டிராப்பர் போஸ்ட்' அல்லது சுருக்கமாக 'டிராப்பர்' என வழங்குகின்றது. இக்கட்டுரையில் முதல்வகை 'சாதாரணத் தண்டு' என்றும், இரண்டாம் வகை 'இறங்கும் தண்டு' என்றும் குறிக்கப்படுகின்றன.

இருக்கை உயரமும் உடலும்

மிதிவண்டியில் மிதிக்கும்போது, மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கையில் கால் ஏறத்தாழ நீண்டிருக்க வேண்டும். அந்நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பொருத்தமானது எனக் கொள்ளப்படுகின்றது. இருக்கை இதைவிடத் தாழ்வாக இருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். தொடைத் தசைகளின் முழு வலிமையும் மிதிக்குச் சென்று சேராது. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுவோருக்கு முழங்கால் சில்லின் முன்புறத்தில் வலி தோன்றுவதற்கு இது ஒரு காரணமாகும்.

ஆனால் மிதிப்பதற்கு ஏற்ற இவ்வுயரம் இறக்கத்திற்கு ஏற்றதன்று. கற்களும் வேர்களும் நிறைந்த சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் இருக்கையில் அமர்வதில்லை. மிதிகளின் மீது நின்று, முழங்கால்களையும் முழங்கைகளையும் மடக்கி, உடலைத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுசெல்வார். வண்டி குலுங்கி மேலெழும்போது அதற்கு இடங்கொடுப்பது அவருடைய கால்களே. உயரமான இருக்கை இந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி எழும்போது இருக்கை பின்புறத்தில் மோதி ஓட்டுநரை முன்னே தள்ளிவிடும்.

உயரத்தின் விளைவைக் கணக்கிட்டும் காணலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.10 மீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு 0.65 மீட்டர் பின்னாலும் உள்ளது எனக் கொள்வோம். 20 விழுக்காட்டுச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் பாதையில், வண்டி முன்புறமாகக் குப்புறக் கவிழாமல் பெறக்கூடிய மிகுதியான வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.38 பங்கு ஆகும். அதே மையம் 10 செ.மீ. கீழிறங்கி 5 செ.மீ. பின்சென்றால் இவ்வளவு 0.49 பங்காக உயர்கின்றது. வேகத்தணிவைக் கால் பங்குக்கும் மேல் கூட்ட இயலும் என்பது இதன் பொருள். மலைப் பாதையில் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவதற்கும் வளைவுக்கு முன் நின்றுவிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்தச் சிறு அளவில்தான் அடங்கியுள்ளது.

ஆக, ஏறுவதற்கு ஓர் உயரமும் இறங்குவதற்கு வேறோர் உயரமும் தேவை. மலைப்பாதையில் ஏற்றமும் இறக்கமும் அடுத்தடுத்து வருவதால் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி ஸ்பேனரை எடுப்பது இயலாது. இறங்கும் தண்டு தோன்றியதன் காரணம் இதுவே.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இருக்கை உயரம்

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் மிதிவண்டிக்கு இணக்கமான சமதளப் பகுதிகளாகும். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் அமைந்த ஆற்றுத் தீவு. அரங்கநாதர் கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நகரின் நடுவே மலைக்கோட்டை சுமார் 83 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்பினும், அதன் மேல் செல்வது படிகளின் வழியே ஆதலால் மிதிவண்டிக்கு அங்கு வேலையில்லை.

ஆயினும் மேற்கூறிய சிக்கல் இங்கு வேறொரு வடிவில் உள்ளது. பெரிய கடை வீதி போன்ற நெரிசலான தெருக்களில் ஓட்டுபவர் அடிக்கடி நின்று காலைத் தரையில் ஊன்ற வேண்டியிருக்கின்றது. ஆகவே பலரும் இரு பாதங்களும் தரையில் படியும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கின்றனர். நிற்பதற்கு வசதியான இவ்வுயரம் மிதிப்பதற்குக் குறைவானது. முழங்கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, குதிகாலால் மிதித்தபடி செல்லும் முதியவர்களைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம்.

இதற்கு நேர்மாறான நிலை சிறுவர்களுடையது. வீட்டில் இருந்த ஒரே வண்டி தந்தையின் உயரத்திற்கு அமைக்கப்பட்டதாக இருக்கும். வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுக்கும் வண்டியும் பெரியவர்களுக்கானதாகவே இருக்கும். இருக்கையில் அமர்ந்தால் மிதி எட்டாது. ஆதலால் சிறுவர்கள் ஒரு காலை மேற்குழாய்க்குக் கீழே, சட்டகத்தின் முக்கோண இடைவெளியில் நுழைத்து, ஒரு கையால் இருக்கையையோ குழாயையோ பற்றிக்கொண்டு, வண்டியைச் சற்றுச் சாய்த்து ஓட்டினர். இதுவே 'குரங்குப் பெடல்' எனப்படுகின்றது. 2024 ஆம் ஆண்டில் இப்பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது. இருக்கை இறங்காத வண்டிக்கு உடலை இறக்கிக் கண்ட தீர்வு என்று குரங்குப் பெடலைக் கூறலாம்.

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பெருந்தொகையான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவில் கிடைக்காமையால் பலர் ஆண்களுக்கான வண்டியிலேயே கற்றனர். மேற்குழாயில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதால் அதனையே விரும்பியவர்களும் இருந்தனர் என்பதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இத்தகைய வண்டிகளில் இருக்கையைத் தாழ்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. தண்டு முழுவதும் உள்ளே சென்றுவிட்டால், அதன்பின் சட்டகமே உயரத்தைத் தீர்மானிக்கின்றது. இறங்கும் தண்டுக்கும் இதே எல்லை பொருந்தும் என்பதைக் கீழே 'அளவைத் தெரிவு செய்தல்' என்னும் பகுதியில் காணலாம்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. இதில் வழங்கப்படும் வண்டிகளிலும் இருக்கை, போல்ட்டால் இறுக்கப்படும் சாதாரணத் தண்டின் மீதே அமைகின்றது. பதினொன்றாம் வகுப்பில் வண்டி பெறும் மாணவர் பள்ளியை முடிப்பதற்குள் வளர்ந்துவிடுவார். இருக்கையோ பெரும்பாலும் முதல் நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பேனர் கொண்டு இரண்டு நிமிடத்தில் உயர்த்திவிடலாம் என்பதை ஆசிரியர்களோ கடைக்காரர்களோ சொல்லிக் கொடுத்தால் பல முழங்கால்கள் தப்பும்.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் கவுண்டியில், டமல்பாயிஸ் மலைச் சரிவுகளில் உருவானது. அங்கு ஓட்டியவர்கள் தொடக்கத்திலேயே இருக்கையின் சிக்கலை உணர்ந்தனர். இத்தாலியரான துல்லியோ கம்பஞோலோ 1930 ஆம் ஆண்டளவில் சக்கர அச்சுக்கென உருவாக்கிய 'குயிக் ரிலீஸ்' என்னும் நெம்புகோல் முறை, இருக்கைக் கவ்வியிலும் பயன்படுத்தப்பட்டது. மலையுச்சியில் நெம்புகோலைத் திறந்து இருக்கையைக் கீழிறக்குவர். அடிவாரத்தில் மீண்டும் உயர்த்துவர். ஒவ்வொரு முறையும் இறங்கி நிற்க வேண்டும். இருக்கை நேராக உள்ளதா, பழைய உயரத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

1984 ஆம் ஆண்டில், இவ்விளையாட்டின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 'ஹைட் ரைட்' என்னும் எளிய கருவியை வெளியிட்டனர். இது ஒரு வளைந்த எஃகு வில்லே. இதன் ஒரு முனை இருக்கைத் தண்டிலும் மறுமுனை கவ்வியின் போல்ட்டிலும் பிணைக்கப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்தவாறே கையைக் கீழே கொண்டுசென்று நெம்புகோலைத் திறந்து எடையால் இருக்கையை அழுத்தலாம். மீண்டும் திறந்தால் வில் இருக்கையை மேலே தள்ளும். இருக்கை பக்கவாட்டில் திரும்பாமலும் வில்லே பார்த்துக்கொண்டது. இன்றைய இறங்கும் தண்டின் அடிப்படைக் கருத்து முழுவதும் இதில் உள்ளது. கைப்பிடியிலிருந்து இயக்கும் வசதி மட்டுமே இல்லை.

1990களில் ஹைட் ரைட் வழக்கொழிந்தது. குறுக்குநாட்டுப் பந்தயங்களில் எடைக்குறைப்பே முதன்மையாகக் கருதப்பட்டதும், வீரர்கள் உயர்ந்த இருக்கையுடனேயே இறங்கப் பழகியதும் இதற்குக் காரணங்களாகும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'கிராவிட்டி டிராப்பர்' நிறுவனம் கைப்பிடியிலிருந்து இயக்கத்தக்க தண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'மேவரிக்' நிறுவனத்தின் 'ஸ்பீட்பால்' பின்னர் 'கிராங்க் பிரதர்ஸ்' நிறுவனத்தின் வழியாக 'ஜாப்லின்' என்ற பெயரில் பரவியது. 2010 ஆம் ஆண்டில் 'ராக்ஷாக்ஸ்' நிறுவனம் வெளியிட்ட 'ரெவெர்ப்' பெரும் புழக்கத்திற்கு வந்தது. இதன்பின் சில ஆண்டுகளுக்குள் நடுத்தர விலைக்கு மேற்பட்ட மலை மிதிவண்டிகள் பலவும் தொழிற்சாலையிலேயே இறங்கும் தண்டு பொருத்தப்பட்டு வரலாயின.

இயங்கும் முறை

எல்லா இறங்கும் தண்டுகளிலும் ஒன்றனுள் ஒன்று நழுவும் இரு குழாய்கள் உள்ளன. வெளிக்குழாய் சட்டகத்தில் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். உட்குழாயின் தலையில் இருக்கை பொருத்தப்படும். இரு குழாய்களுக்கும் இடையில் மேலும் கீழும் 'புஷ்' எனப்படும் வழுக்கு வளையங்கள் இருக்கும். வட்டக் குழாய் தன் அச்சில் சுழலக்கூடியது ஆதலால், உட்குழாயின் புறத்தில் நீளவாக்கில் வெட்டிய காடிகளில் சிறு பித்தளைச் சாவிகள் அமர்ந்து அதனைத் திரும்பாமல் காக்கின்றன. இச்சாவிகள் தேய்ந்தால் இருக்கையின் மூக்கு இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வெளிக்குழாயின் வாயில் உள்ள ரப்பர்ச் சீல் தூசியையும் நீரையும் தடுக்கின்றது.

இவ்வமைப்பு இரண்டு பணிகளைச் செய்ய வேண்டும். ஒன்று, எடை இல்லாதபோது இருக்கையை உயர்த்துதல். மற்றொன்று, எடை இருந்தாலும் இறங்காமல் பூட்டுதல். உயர்த்துவதற்குச் சுருள்வில் அல்லது அழுத்தப்பட்ட வாயு பயன்படுகின்றது. பூட்டும் முறையைப் பொறுத்தே தண்டுகள் வேறுபடுகின்றன.

தொடக்ககாலத் தண்டுகளில் பெரும்பாலானவை பொறிமுறைப் பூட்டு உடையவை. உட்குழாயில் இரண்டு அல்லது மூன்று துளைகள் இருக்கும். வில்லால் தள்ளப்படும் ஒரு முளை துளையொன்றில் நுழைந்து பூட்டும். நெம்புகோல் இழுக்கும் கம்பி முளையை வெளியே எடுக்கும். கதவுத் தாழ்ப்பாளைப் போன்றதே இது. வேறு சில வகைகளில் முளைக்கு மாற்றாக, உட்புறக் காடியில் விரிந்து பொருந்தும் வளையம் உண்டு. இம்முறை உறுதியானது, எண்ணெய் கசிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் துளை உள்ள உயரங்களில் மட்டுமே இருக்கை நிற்கும்.

எந்த உயரத்திலும் நிறுத்தும் வகைகளில் பூட்டாகப் பணிபுரிவது எண்ணெய் ஆகும். நீர்மங்களை அழுத்திச் சுருக்குவது ஏறத்தாழ இயலாது என்னும் இயற்பியல் உண்மையின் மீது இம்முறை நிற்கின்றது. மூடிய உருளை ஒன்றில் எண்ணெய் நிரம்பியுள்ளது. அதனை ஒரு பிஸ்டன் இரண்டு அறைகளாகப் பிரிக்கின்றது. பிஸ்டனின் நடுவே ஒரு சிறு வால்வு இருக்கின்றது. வால்வு மூடியிருக்கும்போது ஓர் அறையின் எண்ணெய் மறு அறைக்குச் செல்ல வழியில்லை, பிஸ்டன் நகராது, ஆகவே இருக்கையும் நகராது. 80 கிலோகிராம் எடையுள்ளவர் அமர்ந்தாலும் அவரைத் தாங்கி நிற்பது சில தேக்கரண்டி எண்ணெயே. நெம்புகோலை அழுத்தினால் வால்வு திறக்கும். எண்ணெய் ஓர் அறையிலிருந்து மற்றதற்கு ஓட, பிஸ்டன் நகரும்.

இருக்கை இறங்கும்போது பிஸ்டனின் கோலும் உருளைக்குள் நுழைகின்றது. கோல் அடைத்துக்கொள்ளும் பருமனுக்கு இடங்கொடுக்க எண்ணெயால் சுருங்க முடியாது. ஆகவே உருளையின் ஒரு முனையில் வாயு அறை ஒன்று அமைக்கப்படுகின்றது. எண்ணெயையும் வாயுவையும் 'மிதக்கும் பிஸ்டன்' எனப்படும் தடுப்பு பிரிக்கின்றது. கோல் உள்ளே வரும்போது மிதக்கும் பிஸ்டன் பின்வாங்கி வாயுவை அழுத்துகின்றது. பின்னர் வால்வு திறந்தவுடன் அவ்வாயு விரிந்து கோலை வெளியே தள்ளுகின்றது. தள்ளும் விசை, வாயு அழுத்தத்தைக் கோலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கிக் கிடைப்பதாகும். எடுத்துக்காட்டாக, 10 மி.மீ. விட்டமுள்ள கோலும் 20 பார் அழுத்தமும் இருந்தால் விசை சுமார் 157 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 16 கிலோகிராம் எடைக்கு ஈடானது. இருக்கையை விரைந்து உயர்த்த இது போதும். அமர்ந்தவரைத் தூக்க இது போதாது. போதக்கூடாது என்பதே நோக்கமும் ஆகும்.

இவ்வுருளையை அலுவலகங்களில் உள்ள சுழல் நாற்காலியோடு ஒப்பிடலாம். நாற்காலியின் பக்கத்தில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் இருக்கை இறங்குவதும், எழுந்து நின்று உயர்த்தினால் மேலே வருவதும் இத்தகைய வாயுவில் உருளையால்தான். ஆனால் வழக்கமான நாற்காலி உருளையில் பூட்டாக அமைவதும் வாயுவே. ஆதலால் அதில் அமரும்போது சிறு மென்மை தெரியும். நாற்காலியில் இது வசதி. மிதிவண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் இருக்கை அமிழ்ந்து எழுமாயின் அது குறையாகும். எனவே தண்டுகளில் எண்ணெய்ப் பூட்டு இன்றியமையாததாகின்றது. இன்றைய தண்டுகள் பலவற்றில், முழுமையாக மூடப்பட்ட உருளை தனிப் பொதியாக உள்ளே வைக்கப்படுகின்றது. அது கெட்டுவிட்டால் பிரித்துப் பழுதுபார்ப்பதில்லை. நாற்காலி உருளையை மாற்றுவது போலவே புதியதை மாற்றிவிடுவர்.

கட்டுப்படுத்தும் நெம்புகோல்

முதற்காலத் தண்டுகள் சிலவற்றில் நெம்புகோல் இருக்கைக்குக் கீழேயே இருந்தது. சரிவில் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுப்பது ஆபத்தானது ஆதலால் இது நிலைக்கவில்லை. இன்று நெம்புகோல் பொதுவாகக் கைப்பிடியின் இடப்புறத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைக்கப்படுகின்றது. முன்புறப் பல்சக்கரங்களுக்கான கியர் நெம்புகோல் இருந்த இடம் இது. 2010களில் மலை மிதிவண்டிகள் முன்புறம் ஒற்றைப் பல்சக்கரத்திற்கு மாறியபோது இவ்விடம் காலியானது. இருக்கை நெம்புகோல் அதனைப் பிடித்துக்கொண்டது.

நெம்புகோலின் அசைவைத் தண்டுக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் பிரேக் கம்பியைப் போன்ற எஃகுக் கம்பியாகும். முதல் ரெவெர்ப் தண்டில் கம்பிக்கு மாற்றாக எண்ணெய்க் குழாய் இருந்தது. கம்பி சட்டகத்திற்கு வெளியே தொங்கும் வகையும், சட்டகத்தின் உள்ளே செல்லும் வகையும் உண்டு. 2010களின் நடுவில் 'மகுரா' நிறுவனமும் 2019 இல் ராக்ஷாக்ஸ் நிறுவனமும் கம்பியே இல்லாத, மின்கலத்தால் இயங்கும் தண்டுகளை வெளியிட்டன. இவற்றில் மின்சாரம் வால்வைத் திறக்க மட்டுமே பயன்படுகின்றது. இருக்கையைத் தூக்குவது இங்கும் வாயுவே.

அளவைத் தெரிவு செய்தல்

தண்டு வாங்கும்போது விட்டம், இறக்க அளவு, செருகும் ஆழம் ஆகிய மூன்றும் கருதப்படும். பரவலான விட்டங்கள் 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. என்பனவாகும். இவற்றிடையே 0.7 மி.மீ. மட்டுமே வேறுபடும் இரண்டு அளவுகள் இருப்பதால் கண்ணால் பார்த்து வாங்குவது கூடாது. பழைய தண்டின் மீது பொறித்துள்ள எண்ணைப் பார்ப்பதே முறை. இறக்க அளவு 100 மி.மீ. முதல் 200 மி.மீ.க்கு மேலும் கிடைக்கின்றது.

இறக்க அளவு கூடுதலாக இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் உயரம் குறைந்த ஓட்டுநருக்கு நீண்ட தண்டு பொருந்தாது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவரின் உட்கால் நீளம் 76 செ.மீ. எனில், இதனை 0.883 ஆல் பெருக்கும் பழக்கமான கணக்கின்படி, மிதி அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை 67 செ.மீ. இருக்க வேண்டும். சட்டகத்தின் இருக்கைக் குழாய் 42 செ.மீ. என்றால் மிஞ்சுவது 25 செ.மீ. இதில் இருக்கையின் தடிமன் 5 செ.மீ., தண்டின் தலையும் கழுத்து வளையமும் 5 செ.மீ. எனக் கழித்தால் 15 செ.மீ. கிடைக்கும். ஆகவே இவருக்கு 150 மி.மீ. தண்டு சரியாகப் பொருந்தும். 170 மி.மீ. தண்டைப் போட்டால், முழுவதும் உயர்ந்த நிலையில் இருக்கை 2 செ.மீ. கூடுதல் உயரத்தில் நிற்கும். அதனைக் கீழே தள்ளச் சட்டகத்தில் இடமிராது. மேலும் 150 மி.மீ. தண்டின் அடிப்பகுதி 20 செ.மீ.க்கும் மேல் குழாய்க்குள் செல்ல வேண்டும். இருக்கைக் குழாய் வளைந்திருந்தாலோ, தண்ணீர்க் குப்பித் தாங்கியின் திருகுகள் உள்ளே நீண்டிருந்தாலோ அதுவும் தடைப்படும். புதிய சட்டகங்களில் இருக்கைக் குழாய் குட்டையாகவும் நேராகவும் அமைக்கப்படுவதற்கு இறங்கும் தண்டே காரணம்.

பழுதுகளும் பராமரிப்பும்

மிகவும் பொதுவான பழுது, கவ்வியை அளவுக்கு மீறி இறுக்குவதால் வருவது. சாதாரணத் தண்டில் இருக்கை இறங்காமலிருக்கப் போல்ட்டை இயன்றவரை இறுக்குவது சைக்கிள் கடைகளின் வழக்கம். இறங்கும் தண்டின் வெளிக்குழாய் மெல்லியது. அது சிறிது நசுங்கினாலும் உட்குழாய் சிக்கிக்கொள்ளும். இருக்கை மெல்ல எழும் அல்லது பாதியில் நிற்கும். தண்டு பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பிரிப்பதற்கு முன், கவ்வியைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது நல்லது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்கத்தையே குறிப்பிடுகின்றனர்.

இரண்டாவது பழுது, அமர்ந்தவுடன் இருக்கை சில மி.மீ. அமிழ்ந்து எழுவது. மிதக்கும் பிஸ்டனைக் கடந்து வாயு எண்ணெய்க்குள் புகுந்துவிட்டது என்பதற்கு இது அறிகுறி. எண்ணெயைச் சுருக்க முடியாது; வாயுவைச் சுருக்கலாம். அதனால் பூட்டு வலுவிழக்கின்றது. இருக்கை தாழ்ந்துள்ள நிலையில் வண்டியை இருக்கையைப் பிடித்துத் தூக்குவது இதற்கு ஒரு காரணமாகும். அப்போது கோல் வெளிநோக்கி இழுக்கப்பட்டு எண்ணெய் அறையில் உறிஞ்சல் உண்டாகி வாயுவை உள்ளே இழுக்கும். பேருந்தின் கூரையில் வண்டியை ஏற்றுவோர் சட்டகத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். உட்புகுந்த வாயுவைப் பிரிக்காமலேயே வெளியேற்றும் தனி வால்வு சில தண்டுகளில் உண்டு.

தூசியும் ஆற்று மணலும் சீலின் எதிரிகள். காவிரிக் கரையில் ஓட்டியபின் உட்குழாயை ஈரத் துணியால் துடைத்து, இருக்கையைச் சிலமுறை ஏற்றி இறக்கிவிடுவது போதுமானது. அழுத்த நீரைச் சீலின் மீது நேராகப் பாய்ச்சுதல் கூடாது. திருச்சிராப்பள்ளிக் கோடை வெயிலில் நிற்கும் வண்டியில் வாயு அழுத்தம் சற்று உயரும். 25 பாகை செல்சியசிலிருந்து 45 பாகைக்குச் சென்றால் இவ்வுயர்வு சுமார் 7 விழுக்காடு. இருக்கை கொஞ்சம் விரைவாக எழும் என்பதைத் தவிர இதனால் தீங்கில்லை.

பந்தயங்களில்

சரிவு மிகுந்த எண்டியூரோ பந்தயங்களில் இறங்கும் தண்டு பொதுவாகிவிட்டது. குறுக்குநாட்டு வீரர்கள் எடை கருதி நீண்டகாலம் இதனைத் தவிர்த்தனர். சாதாரணத் தண்டு 200 முதல் 300 கிராம் வரை இருக்க, இறங்கும் தண்டு பொதுவாக 400 முதல் 700 கிராம் வரை இருக்கும். தடங்கள் கடினமாகியதால் பின்னர் அவர்களும் இதற்கு மாறத் தொடங்கினர்.

சாலைப் பந்தயத்தில் இது பலரையும் வியக்கவைத்த நிகழ்வு 2022 மார்ச் 19 அன்று நடந்தது. சுலோவீனிய வீரர் மாதேய் மோகோரிச், மிலான்–சான்ரெமோ பந்தயத்தின் இறுதியில் உள்ள போஜியோ குன்றிலிருந்து இறங்கும் தண்டின் உதவியோடு மிக விரைவாக இறங்கி, மற்றவர்களைப் பின்தள்ளி வென்றார். சாலைப் பந்தயங்களில் இத்தண்டுக்குத் தடையில்லை என்பது அதன்பின்னரே பலருக்கும் தெரியவந்தது.

இந்தியாவில் பயன்பாடு

மலை மிதிவண்டி என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை அகன்ற டயரும் முன்புற அதிர்வுதாங்கியும் கொண்டிருப்பினும், சாதாரணத் தண்டே உடையவை. இறக்குமதி செய்யப்படும் இறங்கும் தண்டு ஒன்றின் விலை, பள்ளி மாணவர் ஓட்டும் முழு வண்டியின் விலையை விடவும் கூடுதலாகும். இமயமலைப் பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நடைபெறும் போட்டிகளில் பங்கேற்போரே இதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டி வாகையர் போட்டி, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடைபெற்றது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து எட்டும் தொலைவில் மலைகள் இல்லாமலில்லை. துறையூர் வழியாகப் பச்சைமலைக்கும், நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைக்கும் செல்லலாம். கொல்லிமலைச் சாலை தார்ச்சாலை ஆதலால், அதில் இறங்குவதற்கு நல்ல பிரேக் இருந்தால் போதும். இறங்கும் தண்டு கட்டாயமன்று. பச்சைமலையின் சிற்றூர்களை இணைக்கும் கல்லும் மண்ணும் கலந்த ஒற்றையடிப் பாதைகள் போன்றவற்றில்தான் அதன் பயன் முழுமையாக வெளிப்படும். திருவரங்கத்து வீதிகளிலும் காவிரிப் பாலத்திலும் ஓட்டுபவருக்கு இது தேவையில்லை. ஒரே வண்டியைப் பலர் ஓட்டும் வீட்டில், இருக்கைக் கவ்வியில் குயிக் ரிலீஸ் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொருவருக்கும் உரிய உயரத்தைத் தண்டின் மீது கோடிட்டு வைத்துக்கொண்டால் அதே பயனைச் சிறு செலவில் பெறலாம். கோடிடும்போது, தண்டில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சச் செருகல் குறி எப்போதும் சட்டகத்திற்கு உள்ளேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குறி வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் தண்டு வளையவோ சட்டகம் விரிசலிடவோ கூடும்.